மானுக்கு அழுத கார்ட்டூனும் மழைக்காக அடித்த மணியும்

பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றத்தைப் பற்றிச் சொல்லிக்குடுக்க வேணும் எண்டால், எல்லாரும் உடனே சொல்லுற ஒரு வழி இருக்கு: "ஒரு கார்ட்டூன் செய்து போடுவம்." உருகுற பனியில ஒரு கரடி நிற்கும். பூமிப்பந்து வாயில தேர்மாமீற்றரோட காய்ச்சலில் படுத்திருக்கும். கடைசியில் ஒரு சிறுமி மரம் நடுவாள். பார்க்கிற பிள்ளையின்ட மனம் இளகும். சரி, அந்த இளகின மனதை வைத்து அடுத்தது என்ன செய்யிறது?

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் சில முக்கியமான இழைகள் எங்கட திருகோணமலைத் துறைமுகத்தைத் தொட்டுக்கொண்டு போகின்றன. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

1942: துறைமுகத்தில் குண்டு, திரையில் மான்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நான்கு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் கப்பல்படைதான் இங்கேயும் வந்தது. உள்துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்ற கப்பல் எரிந்தது. அந்தக் கப்பலின் உடல் எழுபது வருசத்துக்கு மேல் தண்ணிக்குள் கிடந்து, 2018இல்தான் வெளியே எடுக்கப்பட்டது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மிஸ்' மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றும் பற்றி எரிந்தது. யப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் போய் மோதின கதை இன்டைக்கும் சீனன்குடாப் பக்கம் சொல்லப்படுகிறது.

அதே வருசம் ஆகஸ்டில் வால்ட் டிஸ்னியின் 'பாம்பி' வெளியானது. ஒரு மான்குட்டியின் கதை. தாயும் குட்டியும் பனிக்கால முடிவில் புல் தேடி வெளியே வருகிறார்கள். ஓடு எண்டு தாய் கத்துகிறாள். ஒரு வெடிச்சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். தாய் விழுவதைப் படம் காட்டாது. சுட்ட மனிதரையும் காட்டாது. படம் முழுக்க மனிதரே திரையில் இல்லை. அவர்களின் சத்தமும், துவக்கும், நாய்களும், அவர்கள் அணைக்காமல் விட்ட நெருப்பில் எரியும் காடும்தான் இருக்கின்றன.

அந்த ஒரு வெடிச்சத்தம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அழவைத்தது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களின் சஞ்சிகை படத்தை எதிர்த்தது. 1944இல் காட்டுத்தீ தடுப்புப் பிரசாரத்துக்கு ஒரு வருசம் பாம்பியின் உருவத்தைப் பயன்படுத்த டிஸ்னி அனுமதி கொடுத்தார். அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு தங்களுக்கெண்டு அரச தரப்பினர் உருவாக்கிக்கொண்ட கரடிதான் இன்றுவரை அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்த 'ஸ்மோக்கி'. கற்பனையில் பிறந்த ஒரு மிருகத்தை வைத்து நிஜக் காட்டைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வேர்விட்டது.

ஒரு கோட்டுப் படத்துக்கு ஏன் இவ்வளவு சக்தி? பாம்பியை வரைந்தவர்கள் உண்மையான மான்குட்டிகளை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து வைத்து, எலும்பும் தசையும் எப்படி அசைகின்றன எண்டு படித்தார்கள். பிறகு முகத்தை மட்டும் ஒரு குழந்தையின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள்: பெரிய கண், சின்ன வாய், அகன்ற நெற்றி. உடம்பு மான், முகம் குழந்தை. எங்கட மூளை அந்த இடத்தில் ஏமாறும். ஏமாந்தபிறகு அந்த மிருகம் 'எங்கட ஆள்' ஆகிவிடும்.

இதே வித்தையை மற்றப் பக்கமும் கற்றுக்கொண்டது

1943 மார்ச்சில் யப்பானில் ஒரு கார்ட்டூன் வெளியானது. 'மொமொதாரோவின் கடற்கழுகுகள்' எண்டு பெயர். இயக்கியவர் மிட்சுயோ செயோ, ஆதரவு கொடுத்தது யப்பானியக் கடற்படை. மொமொதாரோ எண்டால் பீச் பழத்துக்குள் இருந்து பிறந்த பையன். நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டு போய் அரக்கர் தீவை அடிக்கிற பழைய யப்பானிய நாட்டார் கதையின் நாயகன். படத்தில் அந்த 'அரக்கர் தீவு' பேர்ள் துறைமுகம். குண்டு போடுறது வடிவான, உருண்டை முகமுள்ள மிருகங்கள். கீழே ஓடித்திரியும் எதிரிக்கு 'பொப்பாய்' கார்ட்டூனில் வரும் தடியன் புளூட்டோவின் சாயல்.

திருகோணமலைக்குக் குண்டு போட்ட அதே கப்பல்படையின் கதையைத்தான் பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டினார்கள். விமானத்துக்குள் இருக்கும் குரங்குக்காகப் பிள்ளை பயப்படும். கீழே கப்பலில் எரியும் மனிதருக்காகப் பயப்படாது. ஏனெண்டால் கீழே இருக்கிறது அரக்கன் எண்டு ஏற்கெனவே வரைந்தாச்சு.

1945 ஏப்ரலில் செயோவின் அடுத்த படம் வந்தது: 'மொமொதாரோ: கடலின் தெய்வப் படைவீரர்'. யப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் படம் இதுதான். அதில் போருக்குப் போகுமுன் மிருகங்கள் தங்கட ஊருக்கு வந்து குடும்பத்தோடு இருக்கும் காட்சிகள் வருகின்றன. மிக மென்மையானவை. ஆற்றில் விழுந்த தம்பிக் குரங்கை எல்லாரும் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். காற்றில் மிதக்கும் பூவிதைகள் பரசூட்டில் இறங்கும் வீரர்களாகத் தெரிகின்றன. தென்கடல் தீவொன்றின் மிருகங்களுக்கு யப்பானிய எழுத்துகள் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன. கடைசியில் சரணடையும் பிரித்தானிய அதிகாரிகளுக்குத் தலையில் கொம்பு.

யோசிச்சுப் பாருங்கோ. அப்ப திருகோணமலை பிரித்தானியரின் துறைமுகம். அந்தப் படத்தின் உலகத்தில் எங்கட பாட்டன் பாட்டி யார்? கொம்பு முளைத்த வெள்ளைக்காரனும் இல்லை, வீர மொமொதாரோவும் இல்லை. யாரோ வந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்வரை வாயைப் பிளந்து நிற்கும் தீவு மிருகங்களின் வரிசையில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கும்.

ஒசாகாவில் அந்தப் படத்தைப் பார்த்த 16 வயதுப் பையன் ஒருவன் அழுதான். தானும் ஒரு நாள் இப்படி ஒரு படம் செய்ய வேணும் எண்டு முடிவெடுத்தான். அவர்தான் பின்னாளில் யப்பானிய காமிக்ஸ் உலகத்தையே மாற்றிய ஒசாமு தெசுக்கா. போருக்குப் பிறகு அவர் 'பாம்பி'யை மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்தார். 1952இல் அதைக் காமிக்ஸாகவும் வரைந்தார். காட்டு மிருகங்களின் அரசனான ஒரு வெள்ளைச் சிங்கக் கதையும், பிறகு காட்டை அழிக்க வரும் மனிதரைப் பற்றிய 'காட்டின் புராணம்' என்ற படமும் அவரிடம் இருந்து வந்தன. 1989இல் அவர் இறந்தபோது அந்தக் கடைசிப் படம் முடிக்கப்படாமலே இருந்தது.

ஆக, இரண்டு எதிரெதிர் நாடுகள். இரண்டிலும் ஒரே வித்தை. மிருகத்துக்குக் குழந்தை முகம் வரை, பிள்ளையின் மனம் இளகும். இளகின மனம் எந்தப் பக்கம் போகும் என்பதை வரைகிறவர் முடிவு செய்கிறார். ஒத்துணர்வு நல்லது எண்டு பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த 1943ஐ மறந்துவிடுகிறார்கள்.

பாம்பியில் இருந்து மீனா வரை

பாம்பியின் பாதை தெற்காசியாவுக்கும் வந்தது. 'பாம்பி'யில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்ற டிஸ்னி கலைஞர் 1956இல் பம்பாய்க்கு வந்தார். இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவொன்றை அமைத்து இளைஞர்களைப் பழக்குவது அவருடைய வேலை. அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் நடந்த இந்தப் பயிற்சியில் பிறந்த முதல் படம் 'ஆலமர மான்' (1957). மறுபடியும் ஒரு மான்!

ஆனால் இந்த மான் வேறு. இது புத்த சாதகக் கதைகளில் வரும் மான். காசி அரசன் தினமும் மான் வேட்டையாடுகிறான். வீணாக ஓடிக் காயப்பட்டுச் சாகாமல் இருக்க, முறைபோட்டு நாளுக்கு ஒரு மான் போவது எண்டு இரண்டு மந்தைகளும் ஒப்புக்கொள்கின்றன. ஒரு நாள் முறை ஒரு கர்ப்பிணி மானுக்கு வருகிறது. குட்டி பிறக்கும்வரை தவணை கேட்கிறாள். அவளுடைய தலைவன் மறுக்கிறான். மற்ற மந்தையின் தலைவன், ஆலமர மான், அவளுக்குப் பதிலாகத் தான் போய்த் தலையை வைக்கிறான். அரசன் மனம் மாறி அவனையும் அவளையும் விடுவிக்கிறான். கதை அங்கே முடிவதில்லை. "மற்ற மான்கள்?" எண்டு தலைவன் கேட்கிறான். அவற்றுக்கும் விடுதலை. "மற்ற நாலுகால் உயிர்கள்? பறவைகள்? தண்ணியில் இருக்கும் மீன்கள்?" ஒவ்வொரு கேள்விக்கும் வட்டம் அகலுகிறது.

பாம்பியில் மான் துன்பப்படுகிறது, நாங்கள் அழுகிறோம். ஆலமர மான் கதையில் மான் பேசுகிறது, பேரம் பேசுகிறது, அதிகாரத்தில் இருப்பவனின் வாயில் இருந்து ஒரு வாக்குறுதியை வாங்குகிறது. இந்த வித்தியாசம் முக்கியம். கடைசியில் திரும்ப வருவோம்.

வீக்ஸிடம் பழகியவர்களில் ஒருவர் ராம் மோகன். 1990களில் யுனிசெப் தெற்காசியச் சிறுமிகளுக்காக 'மீனா' கார்ட்டூனைத் தொடங்கியபோது அந்தப் பாத்திரத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர்தான். மீனா, தம்பி ராஜு, மித்து என்ற கிளி. ஒரு மாம்பழத்தில் அண்ணன் தம்பிக்குப் பெரிய பங்கும் சிறுமிக்குச் சின்னப் பங்கும் போவது ஏன் எண்டு கேட்ட அந்தக் கதை பலருக்கு இன்னும் நினைவிருக்கும். மீனாவைச் செய்தவர்கள் படங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கேட்டார்கள்: இந்த உடுப்பு சரியா, இந்த வீடு உங்கட வீடு மாதிரி இருக்கா, இந்தக் கதை நடக்குமா? ஸ்டூடியோவில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பை அவர்கள் விட்டுவிட்டார்கள். மீனா பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கட மொழியில் என்ன நடந்தது?

இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைப்படக் கலைஞர் ஒரு மொழிமாற்றுப் பிரிவை உருவாக்கி, வெளிநாட்டுக் கார்ட்டூன்களை அப்படியே சிங்களப் பிள்ளைகளின் கதைகளாக மாற்றினார். 'டொக்டர் ஸ்னகிள்ஸ்' என்ற ஐரோப்பியத் தொடர் 'தொஸ்தர ஹொந்தஹித்த' ஆனது. 'நல்ல மனசு டொக்டர்' எண்டு சொல்லலாம். மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கிற, கெட்டவர்களையும் மன்னிக்கிற ஒரு கிழவர். ஒரு சிங்களத் தலைமுறைக்கே அவர் சொந்தத் தாத்தா மாதிரி.

அந்த மூலத் தொடரில் கடலுக்குப் போகப் பயப்படும் ஒரு ஆற்றைப் பற்றிய அத்தியாயம் இருக்கிறது. மகாவலி கங்கை கடைசியில் கலக்கும் இடம் எங்கட கொட்டியாரக் குடா. கடலைக் கண்டு பயப்படும் ஆறு என்ற கதையை மூதூரில் இருக்கும் பிள்ளையைவிட நன்றாக யார் விளங்கிக்கொள்வார்? ஆனால் தொட்டவத்த சிங்களத்துக்குச் செய்த அளவுக்குத் தமிழில் யாரும் செய்யவில்லை. தமிழ்ப் பிள்ளைகளின் கார்ட்டூன் பெரும்பாலும் கடல்கடந்துதான் வந்தது. 2007இல் சுட்டி டிவி தொடங்கியபிறகு மொழி தமிழானது. ஊர் மட்டும் எங்கட ஊர் ஆகவில்லை.

எண்ணெய்த் தாங்கியில் இருந்து மானின் வயிறு வரை

இப்ப இன்டைய திருகோணமலைக்கு வருவம்.

எங்கட ஊரில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் திரியும். இராணுவம் இருக்கும் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போற ஆக்கள் அவற்றுக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். மானுக்கு அடையாள அட்டை இல்லை, இனம் இல்லை, எந்த வீட்டு வாசலிலும் நிற்கும். அதே மான்கள்தான் குப்பையைக் கிளறிப் பொலித்தீனோடு சாப்பாட்டைத் தின்கின்றன. செத்த மானின் வயிற்றுக்குள் பொலித்தீன் இருந்த செய்திகளையும் நாங்கள் வாசித்திருக்கிறோம். 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தபிறகும் தெருவில் பை பறக்கிறது நிற்கவில்லை.

இங்கே வேட்டைக்காரன் யார்? 'பாம்பி'யில் துவக்குச் சத்தம் கேட்கும். எங்கட மானைக் கொல்லுறது சத்தமில்லாத ஒரு பை. அந்தப் பையின் கதையைப் பின்னால் போய்ப் பார்த்தால் திரும்பவும் துறைமுகத்துக்கே வந்து சேருவோம். பொலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் ஐசிஐ கம்பனியின் ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முதல் பெரிய உபயோகம் அந்தப் போரில் ராடார் வயர்களுக்கு உறை போடுவது. இன்டைக்கு அது செய்யப்படுவது பெற்றோலிய எண்ணெயில் இருந்தும் இயற்கை வாயுவில் இருந்தும். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன 99 தாங்கிகள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. அவை எந்த எண்ணெய்க்காகக் கட்டப்பட்டனவோ, அந்த எண்ணெய்தான் எரிந்து காற்றில் காபனீரொட்சைட்டாகச் சேருகிறது. அப்படிச் சேர்ந்த வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சுவது கடல்.

அந்தச் சூடு எங்கே போய்ச் சேருகிறது எண்டு பார்க்க நிலாவெளிக்கு முன்னால் இருக்கும் புறாத்தீவுக்குப் போகலாம். அங்கே இருக்கும் முருகைக்கற்கள் உயிருள்ளவை. அவற்றுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து சாப்பாடு கொடுக்கின்றன. தண்ணி அளவுக்கு மேல் சூடானால் முருகை அந்தப் பாசிகளை வெளியே தள்ளும். நிறம் போகும், வெள்ளையாகும், சூடு தொடர்ந்தால் பட்டினியில் சாகும். புறாத்தீவு தேசியப் பூங்காவானது 2003இல். 'ஃபைண்டிங் நீமோ' வந்ததும் அதே வருசம். படத்தைப் பார்த்த பிள்ளைகள் நீமோ மீனை வாங்க ஓடினார்கள் எண்டு அப்ப செய்திகள் வந்தன. பிறகு தரவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை எண்டார்கள். கார்ட்டூன் நாங்கள் பயப்படுற அளவுக்குக் கெடுதலும் செய்வதில்லை, நம்புற அளவுக்கு நன்மையும் செய்வதில்லை. நீமோவைப் பார்த்துச் சிரிச்ச அதே ஆக்கள்தான் புறாத்தீவில் முருகைக்கல்லுக்கு மேல் ஏறி நிண்டு செல்பி எடுக்கிறார்கள்.

அனிமேஷனின் உண்மையான பலம் இங்கேதான். கண்ணுக்குத் தெரியாத வாயுவையும், முப்பது வருசம் எடுக்கும் மாற்றத்தையும் கமெரா பிடிக்காது. ஒரு பென்சில் பிடிக்கும். தாங்கி, எண்ணெய், பை, மான், புகை, கடல், வெள்ளையான முருகை என்ற முழுச் சங்கிலியையும் மூன்று நிமிசத்தில் காட்டக்கூடிய வேறு ஊடகம் இல்லை. அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கிலியை விட்டுவிட்டால் பாதிப் பலம் வீண்.

லைற்றை நிப்பாட்டினால் போதுமா?

பிள்ளைகளுக்கான காலநிலைக் கார்ட்டூன்கள் அநேகமாக ஒரே இடத்தில் முடியும்: லைற்றை நிப்பாட்டு, தண்ணியை மூடு, மரம் நடு. கெட்ட பழக்கங்கள் இல்லை. ஆனால் எங்கட மாவட்டத்தின் கதை வேறொன்றையும் சொல்கிறது.

2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுக்குத் தங்கட காணிக்குத் திரும்ப ஒன்பது வருசம் ஆனது. அதற்கிடையில் அந்தப் பக்கத்தில் இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டும் திட்டம் வந்தது. ஊர்ச்சனமும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2016 செப்டெம்பரில், அங்கே நிலக்கரி நிலையம் கட்டப்படாது எண்டு அரசாங்கம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அந்தப் புகைபோக்கி எழும்பாமல் போனது ஏதோ ஒரு பிள்ளை மின்விசிறியை நிப்பாட்டினதால் இல்லை. பெரியவர்கள் கேள்வி கேட்டதால்.

2004 டிசம்பர் 26ஐயும் இங்கே நினைக்க வேணும். இந்த மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடல் அது. சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்ததில்லை, கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. ஆனால் கடல் எழும்பி வருகிற படத்தைக் கார்ட்டூனில் போட்டுப் பயம்காட்ட நினைப்பவர்கள், எந்த ஊர்ப் பிள்ளைக்குக் காட்டுகிறோம் எண்டு யோசிக்க வேணும். பயந்த பிள்ளை கண்ணை மூடும். கேள்வி கேட்காது.

மணி

கேள்வி கேட்கிற கதை எங்களிடம் இல்லையா? இருக்கிறது.

கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அடித்த மனுநீதிச் சோழன் கதை எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். அதே கதையை, அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன்மேல் வைத்துச் சொல்கிறது மகாவம்சம். பாளி நூல், பௌத்த பிக்குகள் எழுதினது, எதிர்த் தரப்பு அரசன். இருந்தும் அவனுடைய நீதியைப் பாராட்டி எழுதியிருக்கிறது. அங்கே பசுவோடு கதை நிற்பதில்லை. குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த ஒரு பறவையும் வந்து மணியை அடிக்கிறது. பிறகு ஒரு கிழவி வருகிறாள். வெயிலில் நெல் காயப்போட்டிருக்கிறாள், காலம் தப்பிப் பெய்த மழை நனைத்துவிட்டது. அவள் நேரே போய் அரசனின் மணியை அடிக்கிறாள்.

காலம் தப்பிய மழைக்கு அரசன் பொறுப்பா? எல்லாளன் "மழைக்கு நான் என்ன செய்யிறது" எண்டு சொல்லவில்லை. ஆட்சி சரியாக இருந்தால் மழையும் காலத்துக்குப் பெய்யும் எண்டு நினைத்து உண்ணாமல் கிடக்கிறான். கிழமைக்கு ஒருமுறை, அதுவும் இரவில் மட்டும் மழை பெய்ய வேணும் எண்டு தேவர்களின் அரசன் ஏற்பாடு செய்கிறான்.

இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய அரசனைப் பற்றிய புராணம் இது. அறிவியலைப் பொறுத்தவரை அப்ப அது வெறும் நம்பிக்கை. இன்டைக்கு மழை தப்பிப் பெய்வதில் மனிதரின் கை உண்மையாகவே இருக்கிறது. எண்ணெய் பற்றியும் நிலக்கரி பற்றியும் முடிவெடுக்கும் நாற்காலிகள் இருக்கின்றன. அந்தக் கிழவியின் கேள்வி இப்பதான் முழுக்கச் சரியான கேள்வியாகியிருக்கிறது.

இந்தக் கதையைத் தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்லலாம், சிங்களப் பிள்ளைக்கும் சொல்லலாம், முஸ்லிம் பிள்ளைக்கும் சொல்லலாம். பசுவும் பறவையும் கிழவியும் யாருக்கும் எதிரி இல்லை. யாருக்கும் கொம்பு வரையத் தேவையில்லை. செய்யப் பெரிய ஸ்டூடியோவும் வேண்டாம். ஒரு செக்கனுக்கு 12 படம் போதும் எண்டால், பத்துச் செக்கனுக்கு 120 படம். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஆளுக்கு நாலு படம், அசையாமல் பிடிக்க ஒரு போன். முதலில் மீனாவைச் செய்தவர்கள் போல ஊருக்குள் போய்க் கேட்கட்டும்: இந்தக் குப்பை எங்கே இருந்து வருகிறது, இந்த மான் எப்படிச் செத்தது, போன வருசம் மழை எப்பப் பெய்தது? கேட்டதை வரையட்டும். வரைந்ததை நகரசபைக்காரருக்கும், கல்வி அதிகாரிகளுக்கும், எம்பிமாருக்கும் கூப்பிட்டுக் காட்டட்டும்.

அந்தப் படத்தைப் பார்த்து யாரும் அழாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவராவது எழும்பிப் பதில் சொல்ல வேணும்.